சாக்கு நூலில் கட்டிய காப்பு

நாட்டார் வழக்காற்று ஆய்வுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு. பணி நிறைவு விழாக்களுக்கும் ஆண்டு மலர்களுக்கும் ஒன்று: பள்ளி நூலகம், பழைய புத்தகம், அறிவுத் தாகம். மெர்கோங் என்ற ஊரில் என் வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பவர்களுக்கு இன்னொன்று: ஒரு ஜப்பானிய அதிகாரி என் கன்னத்தில் அறைந்தார், அதனால் வந்தேன். முதல் பதிலுக்குக் கைதட்டுவார்கள். இரண்டாவதுதான் உண்மை.

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைந்த நேரம். அப்போது நான் கூலிமுக்குத் தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மூன்றாம் கிராணி. கிராணி என்றால் தோட்டத்து அலுவலக எழுத்தர். மூன்றாம் கிராணி என்றால் முதல் இருவரும் செய்ய விரும்பாததைச் செய்பவர். வடக்கே ஜித்ராவில் வெள்ளைக்காரப் படை எதிரியைத் தடுத்து நிறுத்தும் என்று எங்கள் துரை எல்லோரையும் காலையில் ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில் கூட்டிவைத்துச் சொன்னார். சொன்ன சூட்டிலேயே காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். மறுநாள் முதல் கிராணியையும் இரண்டாம் கிராணியையும் காணவில்லை. உயிருக்குப் பயந்து ஓடியதை நான் குறை சொல்லமாட்டேன். இருவரும் விடுப்பு விண்ணப்பம் எழுதி வைக்காமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

துரையின் பங்களாவில் ஒரு புத்தக அலமாரி மிச்சமிருந்தது. அதில் ஒன்று, நாகரிகமற்ற மக்களிடையே பயணம் போகும் கனவான்கள் அவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லித் தரும் கையேடு. பிறப்பு, பூப்பு, திருமணம், சாவு, பேய் என்று ஒழுங்கான தலைப்புகள், தலைப்புக்குத் தலைப்பு கேள்விகள். அந்த நாகரிகமற்ற மக்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் நாங்கள்தான். அலுவலக மேசையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த அதிகாரி சைக்கிளில் வந்து இறங்கினார். எழுந்து குனிந்து வணங்க வேண்டும் என்பது விதி. நான் பக்கத்தை முடித்துவிட்டு எழலாம் என்று நினைத்தேன். கன்னம் பழுத்தது.

அடித்து முடித்ததும் அவர் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். முகம் மாறிவிட்டது.

"இதைப் புரிந்துதான் படிக்கிறாயா?" என்று பள்ளிக்கூட ஆங்கிலத்தில் கேட்டார்.

புரிகிறது என்றேன்.

"பாகுஸ்," என்றார் மலாயில். நல்லது என்று அர்த்தம். கன்னத்துக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை.

தம் நாட்டில் அவர் மலைக்கிராமப் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிழவர்களைத் தேடிப் போய்ப் பேய்க்கதை எழுதி வருவாராம். போர் அவரைக் கூலிம் வட்டாரத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் அதிகாரியாக்கியிருந்தது. ஆனாலும் கை அரிப்பு போகவில்லை. தோட்டத் தமிழர்களின் பழக்கவழக்கங்களை அந்தக் கையேட்டுத் தலைப்புகளின்படி திரட்டித் தருவது இனி என் வேலை என்றார். கூலி உப்பு. அந்த நாளில் உப்பு கிடைப்பதற்காக இதைவிடக் கேவலமான காரியங்களைப் பலர் செய்தார்கள்.

இப்படியாக நான் கள ஆய்வாளன் ஆனேன். முதல் தகவலாளி என் அக்கா. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில், வீட்டு வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தவளிடம் தாலாட்டு ஒன்று பாடச் சொன்னேன்.

"ஏண்டா, நான் எம் புள்ளைய எப்படித் தூங்கவக்கிறேன்னு சப்பான்காரனுக்கு எதுக்கு? ஊரையே தூங்கவுடாம அடிக்கிறான். மொதல்ல அதுக்கு ஒரு பாட்டு கண்டுபிடிக்கச் சொல்லுலா."

இரண்டாவது தகவலாளி அவள் புருஷன். மச்சான் நல்ல உழைப்பாளி என்று நான் எழுதினால் அவரே சிரிப்பார். உடம்பு தேக்கு மாதிரி, வேலை என்றால் வாழைநார் மாதிரி. கள் கிடைக்கும் இடங்களை மட்டும் துல்லியமாக அறிந்தவர். பழமொழி கேட்டேன். "எழுதிக்கோ மாப்ளே," என்று வரிசையாகச் சொன்னார். ஒன்றுகூட அச்சில் ஏறாது. உழவுத் தொழில் என்ற தலைப்பில் சேர்த்துவிட்டேன். அதிகாரி திருப்தியடைந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். முதலில் நல்ல சோறு, கொஞ்ச காலம்தான், திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லாரி நிறைய ஏறினார்கள். யாரும் திரும்பவில்லை. ஒருவன் மட்டும் காட்டு வழியாக ஓடி வந்து, காலராவையும் காட்டையும் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டு அவனும் செத்துப்போனான். அதற்குப் பிறகு லாரிச் சத்தம் கேட்டாலே ஆண்கள் ரப்பர்க் காட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். அடுத்த லாரி எங்கள் தோட்டத்துக்கு என்ற செய்தி, அலுவலகத்தில் இருந்ததால், எனக்குத்தான் முதலில் வந்தது. இளவட்ட ஆண்கள், உடம்பில் வலு உள்ளவர்கள் முதலில் என்று உத்தரவு. அந்த வர்ணனையைப் படித்தபோது மச்சானின் முகம்தான் கண்முன் வந்தது.

அக்காவுக்கு அப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில். அவள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"அந்த மனுசன் ஒண்ணுக்கும் ஆகாதவருதான். ஆனா எனக்கு இருக்கறது அந்த ஒண்ணுதானடா. ஒன் சப்பான்காரன்கிட்ட சொல்லி எடுத்துவுடு."

"அவர்கிட்ட அப்படியெல்லாம் கேக்க முடியாதுக்கா. முறைன்னு ஒண்ணு இருக்கு."

"முறையா? சரி, முறையாவே சொல்லு. காப்பு கட்டுனா எல்ல தாண்டக் கூடாதுன்னு அவனுக்கு எழுதிக் குடுத்தியா இல்லியா?"

எழுதிக் கொடுத்திருந்தேன். மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேற்றி, மஞ்சள் நூலில் மஞ்சள் கிழங்கு முடிந்து கையில் காப்புக் கட்டிவிட்டால், காப்பு அவிழ்க்கும்வரை கட்டியவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. இறைச்சி, கள், தாம்பத்தியம் எதுவும் ஆகாது. கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். தமிழன் எங்கே கோயில் கட்டினாலும் உள்ள வழக்கம். திருவிழா என்ற தலைப்பில் நானே எழுதியதுதான்.

"ஆனா இது திருவிழா மாசம் இல்லையேக்கா."

"அது சப்பான்காரனுக்குத் தெரியுமா?"

கோயில் பொறுப்பு மண்டோரிடம் இருந்தது. மண்டோர் என்றால் பால்மரம் வெட்டுபவர்களை மேய்க்கும் கங்காணி. எங்கள் மண்டோர் மீசையால் ஆண்டவர். காலையில் மரத்தடியில் வசைபாடுவார், மாலையில் அதே வாயால் அம்மனுக்குப் பூசை செய்வார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது.

"நாளு நட்சத்திரம் இல்லாம கொடியேத்துறதா? அம்மன் என்ன ஒன் வீட்டு மாமியாளா, நெனச்சப்ப கூப்பிட?"

"லாரி நாளு நட்சத்திரம் பாத்தா வருது மண்டோரண்ணே? ஆம்பளையெல்லாம் சயாமுக்குப் போயிட்டா நல்ல நாளுல ஒங்களுக்கு யாருண்ணே கரகம் தூக்குறது? நாங்க தூக்கவா?"

மண்டோர் மீசையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் அம்மனையே பார்த்தார். பிறகு, "சரி. ஆத்தா கேட்டா ஒன் பேரத்தான் சொல்லுவேன்," என்றார்.

துணிப் பஞ்சம். பாதிப் பேர் சாக்கைத்தான் இடுப்பில் சுற்றியிருந்தார்கள். காப்புக்குப் பஞ்சு நூல் எங்கே போவது? அரிசிச் சாக்கைப் பிரித்து நூல் உருவி மஞ்சளில் தோய்த்தோம். அரிசியும் கிடையாது. எனவே மரவள்ளிக் கிழங்கில் பொங்கல். லாரி வந்தபோது கொடி ஏறியிருந்தது, உறுமி முழங்கிக்கொண்டிருந்தது, ஆண்கள் எல்லோர் கையிலும் மஞ்சள் சாக்கு நூல்.

அதிகாரி சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். ஓர் ஆய்வாளன் தன் கண்முன் ஒரு சடங்கு நடப்பதைப் பார்க்கும்போது அவன் முகத்தில் வரும் ஒளி இருக்கிறதே, பிற்காலத்தில் எத்தனையோ சக பேராசிரியர்களிடம் அதைப் பார்த்திருக்கிறேன். புத்திசாலித்தனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் விதியை விளக்கினேன். லாரியோடு வந்த சிப்பாய் ஏதோ கத்தினான். அதிகாரி அவனைவிடச் சத்தமாகக் கத்தினார். லாரி வெறுமனே திரும்பியது.

"ஆய்வு நடக்கும்போது ஆய்வுப் பொருளை லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது," என்று எனக்கு விளக்கம் சொன்னார். என் வாழ்நாளில் நான் கேட்ட மிகச் சிறந்த ஆய்வு நெறி அதுதான்.

"திருவிழா எப்போது முடியும்?"

"அம்மன் உத்தரவு கொடுக்கும்போது," என்றேன்.

அதன் பிறகு பட்ட பாடு கொஞ்சமல்ல. திருவிழா என்றால் தினமும் ஏதாவது நடக்க வேண்டும். அதிகாரியோ தினமும் வந்துவிடுகிறார். கோயில் பின்புறம் மண்டோரும் அக்காவும் நானும் உட்கார்ந்து மறுநாளைக்கு ஒரு தொன்மையான சடங்கை உண்டாக்குவோம். எல்லைக் கல்லைக் குளிப்பாட்டினோம். ஒரு நாள் மண்வெட்டிகளை எல்லாம் படுக்கவைத்துப் பொட்டு வைத்து, அன்றைக்கு யாரும் அவற்றை எழுப்பக் கூடாது என்றோம். வேலை செய்யவே தேவையில்லாத அந்தச் சடங்கு மக்களுக்கு மிகவும் பிடித்துப்போய், இன்னொரு தடவை வைக்கச் சொல்லி மண்டோரை நச்சரித்தார்கள். அக்கா தன் பங்குக்கு மச்சானை வைதல் என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். பெண்கள் புருஷன்மாரை உட்காரவைத்து நடுக்களத்தில் திட்ட வேண்டும். அவள் திட்டியதில் சடங்கு கொஞ்சமும் உண்மை நிறையவும் இருந்தன. அதிகாரி கை ஓயாமல் எழுதினார். மரவள்ளி அம்மனுக்கு உகந்த புனிதக் கிழங்கு என்றும் எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. தகவலாளியின் கூற்றில் ஆய்வாளன் குறுக்கிடக் கூடாது.

இந்த ஏற்பாடு யாரைக் காப்பாற்ற முதலில் தொடங்கியதோ அவருக்குத்தான் அது பொறுக்கவில்லை.

"மாப்ளே, சயாம்லயாவது ராத்திரிக்குக் கள்ளு ஊத்துவானாம்ல?"

"காலராதான் ஊத்துவான் மச்சான்."

"ஒரு மனுசன் எத்தன நாளுதான் பக்தியா இருக்கறது? சொல்லு."

ஒரு பிற்பகல் அதிகாரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்னால் மச்சான் பாடிக்கொண்டே வந்தார். பக்கத்துத் தோட்டத்துத் தென்னையடியில் கள் குடித்துவிட்டு, எல்லைக் கல்லுக்கு அப்பால் வாய்க்காலில் படுத்திருந்தாராம். கையில் காப்பு பளிச்சென்று இருந்தது. பாடல், உழவுத் தொழில் தலைப்பில் நான் சேர்த்த வகை.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"காப்புடன் எல்லை தாண்டியவனுக்கு உங்கள் வழக்கத்தில் தண்டனை என்ன?"

நியாயமான கேள்விதான். தண்டனை இல்லாத விதி விதியே அல்ல. ஒன்றுமில்லை என்றால் காப்பு வெறும் நூல், நாளைக்கே லாரி வரும். அடிப்பார்கள் என்றால் அவரே அடித்துக் காட்டிவிட்டு அனுப்பிவிடுவார். துரையின் கையேட்டில் அடிமைகள் என்று ஒரு தலைப்பு இருந்தது நினைவுக்கு வந்தது.

"அவன் அம்மனுக்கு அடிமை," என்றேன். "தலையை மழித்து, கோயில் பொறுப்பாளர் தம் கையால் தனிக் காப்பு கட்டுவார். ஒரு வருஷம் கோயிலைக் கூட்டிப் பெருக்க வேண்டும். எல்லை தாண்டக் கூடாது. குடிக்கக் கூடாது. கட்டியவர் கையால் அவிழ்த்தால்தான் விடுதலை. மற்றவர்களின் திருவிழா முடிந்தாலும் அவனுக்கு முடியாது."

அதிகாரி மண்டோரைப் பார்த்தார். நான் சொன்னதை மண்டோருக்குத் தமிழில் சொன்னேன். என்னைத் தின்றுவிடுவதுபோல் பார்த்தார். அப்புறம் கனத்த குரலில், "ஆமா, எங்க பாட்டன் காலத்துலேருந்து அப்படித்தான்," என்றார்.

அங்கேயே தலையை மழித்தார்கள். மண்டோர் சாக்கு நூலைத் திரித்து மச்சான் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். கட்டும்போது உதடு அசைந்தது. மந்திரமா வசையா என்று எனக்குத் தெரியாது. போதை தெளிந்து விவரம் தெரிந்ததும் மச்சான் அழுதார். "ஒரு வருஷமா? ஒரு சொட்டுகூடவா? டேய் மாப்ளே, நீ எனக்கு நல்லது பண்ணியா கெட்டது பண்ணியா?"

மறுநாள் காலை நான்கு பேர் காப்போடு எல்லைக் கல்லைத் தாண்டிக் குதித்தார்கள். அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "நாங்களும் தாண்டிட்டோம் மண்டோரண்ணே! மொட்ட அடிங்க!" என்று கத்தினார்கள். மண்டோர் ரோத்தான் பிரம்பை எடுத்துக்கொண்டு துரத்தினார். "ஆளுக்கொரு அடிமை வச்சுக்க ஆத்தாவுக்கு என்னா பங்களாவா இருக்கு? ஏறுங்கடா உள்ள!"

அதிகாரி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பேனாவை மூடினார்.

"எங்கள் மலையிலும் வரி வசூலிக்க ஆள் வருகிற அன்றைக்கு மலைத் தெய்வத்துக்கு விழா வந்துவிடும்," என்றார். "மிகவும் பழைய வழக்கம்."

முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. சில நாட்களில் அவரைப் பர்மா பக்கம் மாற்றிவிட்டார்கள். தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். போகும் முன் நான் சரியாகக் குனியவில்லை என்று இன்னொரு அறை கொடுத்தார்.

புதிதாக வந்தவருக்குப் பேய்க்கதையில் ஆர்வமில்லை. கொடியை இறக்கு, ஆளை ஏற்று என்றார். மண்டோர் ஒவ்வொருவர் கையிலும் காப்பை அவிழ்த்தார். மச்சான் கையைத் தொடவில்லை. ஆட்களை மண்டோரே பொறுக்கி நிறுத்த வேண்டும் என்று உத்தரவு. கல்யாணமாகாதவர்களை, உறவில்லாதவர்களை என்று தயங்கித் தயங்கி நிறுத்தினார். கேட்ட எண்ணிக்கைக்கு ஓர் ஆள் குறைந்தது. கூட்டத்தில் ஒரு பெண் சத்தமாகவே கேட்டாள்: "என் தம்பிய நிறுத்துறீங்க, அந்த மொட்டத்தலக் குடிகாரன் போனா என்னா?"

நியாயம்தான். அவள் கேட்டதை மறுக்க என்னிடம் எந்த விதியும் இல்லை. அக்காவின் பக்கம் நான் திரும்பவே இல்லை. மண்டோர் அருகே போய்க் குரலைத் தாழ்த்தினேன்.

"மண்டோரண்ணே, என்ன செய்யப்போறீங்க?"

"அவன் ஆத்தா அடிமை. அவனத் தொடமுடியாது."

"அது நாம இட்டுக்கட்டினதுதானே."

"தெரியும்லா. நீதான இட்டுக்கட்டுன, நான்தான பாட்டன் மேல சத்தியம் பண்ணேன். ஆனா கட்டுறப்ப ஆத்தா பாத்துக்கிட்டுல்ல இருந்தா?"

நான் படித்த கையேட்டில் இதற்குத் தலைப்பு இல்லை. பின்னாளில் நான் படித்த, எழுதிய எதிலும் இதை இவ்வளவு சுருக்கமாக யாராலும் சொல்ல முடிந்ததில்லை, என்னையும் சேர்த்து.

சிப்பாய் எண்ணிப் பார்த்தான். ஒன்று குறைகிறது என்று விரலைக் காட்டினான். மண்டோர் யாரையும் காட்டவில்லை. சிப்பாய் அவர் நெஞ்சிலேயே துப்பாக்கிக் கட்டையால் தட்டினான். கணக்குச் சரியாகிவிட்டது. அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு லாரியில் ஏறினார். கோயில் சாவியை என்னிடம் எறிந்தார்.

"கெராணி! அந்தக் குடிகாரப் பய கையில கட்டுனத நான் வந்துதான் அவுப்பேன். அதுக்குள்ள ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா என்னா தண்டனைன்னு நல்லா பெருசா ஒண்ணு யோசிச்சு வை. ஒனக்குத்தான் அது வருதே!"

லாரியில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள்.

சண்டை முடிந்தது. ஓரிருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர்களிடம் மண்டோரைப் பற்றிக் கேட்டோம். ஓரிடத்தில் பிரித்து அனுப்பிவிட்டார்கள், அதற்கப்புறம் தெரியாது என்றார்கள். ஒரு வருஷம் ஆனது. பிறகு இன்னும் பல. மச்சான் கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நூல் நைந்தால் பழையதோடு புதிய சாக்கு நூலைச் சேர்த்துத் திரித்துக்கொள்வார். வேறு யாராவது அவிழ்க்கட்டுமே என்று நான் ஒருமுறை சொன்னேன். "விதி எழுதுனவனே இப்படிச் சொன்னா எப்படி மாப்ளே?" என்றார். அக்கா ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "மண்டோரண்ணன் திரும்பி வராட்டி எம் புருசன் குடிக்கமாட்டாருன்னு ஒரு நாளு நெனச்சுட்டேன்டா. ஒரே ஒரு நாளுதான். ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்."

நான் மேலே படித்தேன், பட்டம் வாங்கினேன், கள ஆய்வு அனுமதி விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஓய்வுபெறும் சமயத்தில் ஓர் ஆய்வேடு புறத்தேர்வாளன் என்ற முறையில் என்னிடம் வந்தது. கூலிம் அருகே ஒரு தோட்டத்து மாரியம்மன் திருவிழா. சாக்கு நூல் காப்பு, மரவள்ளிப் பொங்கல், மண்வெட்டியைப் படுக்கவைத்தல், எல்லை தாண்டியவன் அடிமையாதல் எல்லாம் இருந்தன. நான் தோட்டத்துப் பக்கம் போய் வெகுகாலம் ஆகியிருந்தது; அவை இன்றும் நடக்கின்றன என்பதே எனக்குச் செய்தி. அனைத்தும் தாய்நாட்டில் வேரூன்றிய மிகத் தொன்மையான வழக்கங்கள் என்று நிறுவப்பட்டிருந்தது. வாதம் நன்றாகவே இருந்தது. நானே ஒருகணம் நம்பினேன்.

வாய்மொழித் தேர்வில், எல்லாத் தகவலையும் யாரிடம் பெற்றீர்கள் என்று ஆய்வு மாணவரிடம் கேட்டேன்.

"கோயிலக் கூட்டுற பெரியவர் ஒருத்தர் சார். எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு. ஒரு வருஷம்தானே விதி, ஒங்க கையில ஏன் இன்னும் இருக்குன்னு கேட்டதுக்கு மட்டும் சரியா சொல்லல. கட்டினவரு வெளிய போயிருக்காருன்னாரு. அவ்வளவுதான்."

ஆய்வேட்டில் அந்த இடத்தில், பூசாரி இல்லாத காரணத்தால் காப்பு அவிழ்க்கப்படவில்லை என்று இருந்தது. முறைப்படி நான் அந்த ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். தேர்ச்சி என்று கையெழுத்திட்டேன். ஒரே ஒரு திருத்தம் கேட்டேன்: பெரியவர் சொன்னதை அவர் சொன்னபடியே போடவும்.

மச்சான் போன வருஷம்தான் போனார். குளிப்பாட்டும்போது உறவுக்காரர் ஒருவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மணிக்கட்டருகே குனிந்தார். அக்கா கையைத் தட்டிவிட்டாள்.

"விடுங்க. கட்டுனவரு அங்கதான இருக்காரு, அவரே அவுத்துக்கட்டும். குடிச்சியாடான்னும் அவரே கேட்டுக்கட்டும்."